கால் பிரேக்குல இருக்கு சார்

ஒரு கை. வெறும் கை. சாலை நடுவில் ஒரு மனிதன் நின்று அதை உயர்த்துகிறான். உள்ளே ஜனமும் கூரையில் மூட்டையும் பின்பக்கம் எரியும் நெருப்புமாக ஓடிவருகிற இரும்பு, அந்தக் கைக்கு முன்னால் முனகிக்கொண்டு நிற்கிறது. பிற்காலத்தில் நான் கடலைப் பார்த்தேன். ஆகாய விமானத்தைப் பார்த்தேன். என் முதல் குழந்தையின் நகத்தைப் பார்த்தேன். ஆனாலும் வியப்பு என்று நினைத்தால் முதலில் வந்து நிற்பது அந்தக் கைதான்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, எங்கள் பக்கத்து பஸ்கள் கரியில் ஓடத் தொடங்கியிருந்தன. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பக்கத்திலிருக்கும் காற்றாடியைத் தோள் கழலச் சுற்றினால், புகைக்குள்ளிருந்து ஒரு வாயு பிறந்து எஞ்சினுக்குப் போகும். அடுப்பில் சோறு வேகும் என்று தெரியும். அடுப்பில் ஊர் நகரும் என்று யார் கண்டது? விடியலில் எஞ்சின் இருமி, கனைத்து, உயிர் பிடிக்கும் அந்த நொடியில் தினமும் எனக்கு மயிர் கூச்செறியும். தினமும் என்றால் தினமும்தான், பழகவே இல்லை. ஆனால் வழியில் அணைந்துவிட்டால் தொலைந்தோம். மறுபடி கிளறி, மறுபடி சுற்றி, வண்டி கிளம்புவதற்குள் பாதிப்பேர் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

பழைய டிரைவர்களெல்லாம் ராணுவ லாரி ஓட்டப் போய்விட்டார்கள். அதனால்தான் மீசை சரியாக முளைக்காத நாங்கள் இரண்டு பேர் டிரைவர்கள் ஆனோம். ஜெயங்கொண்டத்தில் கிளம்பி அரியலூர் வழியாகப் பெரம்பலூர் போய்த் திரும்பும் ஒரே ஒரு பஸ். ஒருவன் ஓட்டினால் மற்றவன் கரி பார்ப்பான், டிக்கெட் கிழிப்பான், வண்டி நின்றதும் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். கட்டை முக்கியம். கைப்பிரேக் என்று ஒன்று பேருக்கு இருந்தது. சமதரையில் பிடிக்கும், சரிவில் கைவிட்டுவிடும். டிரைவர் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும், கட்டை விழும்வரை.

வண்டி டீச்சரம்மாவுடையது. வரதராஜன்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கணவர் காய்ச்சலில் போய்விட்டபோது அவருக்கு மிஞ்சியது இந்த பஸ்ஸும், கணவர் போட்டிருந்த, துரைமார் போடுகிற மாதிரி ஒரு சோலாத் தொப்பியும். டீச்சரம்மாவுக்கு அப்போது முப்பது வயதுதான் இருக்கும். வண்டியை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "விக்கிறது எங்க ஓடிப்போவுது? ஓட்டிப் பாத்துட்டு விக்கிறேன்" என்றாராம்.

என் கூட்டாளி தா.பழூர்ப் பக்கம் ஒரு பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் ஒரே மிராசுதாரின் வயலில். இவன் மட்டும் கரி மூட்டை இறக்க வந்து, வண்டியோடு தங்கி, ஸ்டியரிங் பிடிக்கக் கற்று, லைசென்சும் வாங்கிவிட்டான். அவன் ஓட்டினால் வண்டி பசு. நான் ஓட்டினால் எருமை. இருந்தும் என்னிடம் பேசுவது 'வாங்க, போங்க'தான்.

"ஒரே வயசுதானடா நமக்கு. வாடா போடான்னு சொல்லேன்" என்பேன்.

"சொல்றேங்க" என்பான்.

வண்டியின் மேல் ஏற்கெனவே ஒரு கேஸ் இருந்தது. முன்னால் இருந்த டிரைவர் போலீஸ்காரரிடம் வாயைக் கொடுத்து வாங்கிவைத்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போயிருந்தான். இரண்டாவது கேஸ் அரியலூர்க் கடைத்தெரு மேட்டில் வந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் கை காட்டினார். என் கூட்டாளி அழகாகத்தான் நிறுத்தினான். நிறுத்திய கையோடு கதவைத் திறந்து குதித்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, இடுப்பை வளைத்து, அவர் முன்னால் கைகட்டி நின்றான். நான் பின்படியிலிருந்து இறங்குவதற்குள் ஆளில்லாத பஸ் மேட்டிலிருந்து பின்பக்கமாக நகர ஆரம்பித்துவிட்டது.

"அடப்பாவி, வண்டியப் புடிடா! என்னை எதுக்குடா கும்புடுற?" என்று கான்ஸ்டபிள் கத்தினார்.

"கை காட்டுனீங்களே சாமி..."

ஒரு கத்தரிக்காய்க் கூடையை நசுக்கி, ஒரு சுவரில் பீப்பாயை இடித்துக்கொண்டு வண்டி நின்றது. எஞ்சின் அணைந்தது. பயணிகள் கத்தினார்கள். காய்க்காரம்மா எங்கள் இரண்டு பேர் வம்சத்தையும் வரிசையாக விசாரித்தாள். இவன் மட்டும் இன்னும் கைகட்டியபடியே நின்றான். அவன் மூளைக்குத் தெரியும், பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்று. உடம்புக்குத் தெரியவில்லை. காக்கியோ வெள்ளை வேட்டியோ எதிரில் வந்து நின்றால் எழ வேண்டும், இறங்க வேண்டும், துண்டு கக்கத்துக்குப் போக வேண்டும் என்று அந்த உடம்பு அவன் பிறப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டது.

இன்னொரு கேஸ் விழுந்தால் பர்மிட் கிடையாது என்று பர்மிட் கொடுக்கும் ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள். பர்மிட் போனால் டீச்சரம்மாவுக்கு வண்டி பழைய இரும்பு. எனக்கு என் அப்பாவின் மிளகாய்க் கொல்லை இருந்தது. அவனுக்கு மிராசுதாரின் வயல். அங்கே ஒரு தடவை திரும்பிப் போனால் மறுபடி வெளியே விடமாட்டார்கள். எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியும்.

டீச்சரம்மா திட்டவில்லை. "வண்டிய ஷெட்டுல விட்டுட்டு ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு வாங்க" என்றார்.

சாயங்காலம். பிள்ளைகள் போன பள்ளிக்கூட முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் அவனை உட்காரவைத்து, கையில் சல்லடையின் வளையம் ஒன்றைக் கொடுத்தார். அது ஸ்டியரிங். கீழே ஒரு நீளப் பலகை, நடுவில் செங்கல். பலகையின் இந்தக் கோடியை அவன் காலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கோடியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய செம்பு. கால் எழுந்தால் செம்பு சாயும். அது பிரேக். பிறகு டீச்சரம்மா கணவரின் சோலாத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, எதிரில் போய் நின்று கையை உயர்த்தினார்.

அவன் எழுந்துவிட்டான். செம்பு உருண்டது.

"உக்காருப்பா."

"நீங்க நிக்கிறீங்களே டீச்சர்."

"நான் டீச்சர் இல்ல. போலீசு."

"அப்ப கண்டிப்பா எந்திரிக்கணுமே டீச்சர்."

வீட்டுக்குப் போகாமல் சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பெண்குழந்தைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சரம்மா சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றாமலே கிணற்றடிக்குப் போய், தானே இறைத்து, செம்பை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார்.

"இங்க பாரு. ஓடுற எஞ்சினை விட்டுட்டு டிரைவர் எறங்கக் கூடாது. நான் சொல்லல, சட்டம் சொல்லுது. கலெக்டரே வந்து நின்னாலும் கட்டை வெக்கிற வரைக்கும் உன் எடம் அந்த சீட்டுதான். புரியுதா?"

"சட்டமா சொல்லுது?"

"சட்டம்தான்."

"என்னை உக்காரச் சொல்லியா?"

டீச்சரம்மா செம்பை நேராக்கி வைத்தார். "ஆமாம்ப்பா. உன்னைத்தான்" என்றார்.

அவன் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். எங்கோ ஓர் ஊரில், எவனோ ஒருவன், எதற்காகவோ எழுதிவைத்த ஒரு வரி, நாடு முழுவதும் தாண்டி நடந்து வந்து, இவன் முன்னால் நின்று, உட்கார் என்று சொன்னதுபோல இருந்தது.

இருந்தும் மறுநாளும் எழுந்தான். அதற்கு மறுநாளும். தலை சொல்வதை முழங்கால் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் டீச்சரம்மாவே போய் இறைத்துக்கொண்டு வந்தார். "நான் எடுத்தாரேன் டீச்சர்" என்று அவன் தவித்தால், "நீ சீட்ட விட்டு எறங்கக் கூடாது" என்பார். கோடைக் கிணறு. கயிறு ஆழத்துக்குப் போய் வரும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொள்வான். கடைசியில் ஒருநாள் அவன் எழவில்லை; அது சட்டத்துக்காக இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தனக்காக ஒரு டீச்சர் இன்னொரு தடவை கிணற்றடிக்குப் போவதை அவனால் தாங்கமுடியவில்லை. கை உயர்ந்தது; செம்பில் தண்ணீர் நடுங்கியது; சிந்தவில்லை.

பிறகு வாய்க்கும் பாடம் நடந்தது. இடப்பக்கம் ஒதுக்கு. ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல, அவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி. அவர் உன்கிட்ட வரட்டும். கேட்டதுக்குப் பதில், அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. சிரிக்காதே, அழாதே. 'சாமி' வேண்டாம், 'சார்' போதும். எறங்கச் சொன்னா என்ன சொல்லணும்?

"கால் பிரேக்குல இருக்கு சார். கட்டை வெச்சதும் எறங்குறேன்."

"தரையப் பாத்துச் சொல்லாத. தரை உன்னை நிறுத்தல."

கடைசியாக ஏரிக்கரைச் சரிவுக்கு வண்டியோடு எங்களை அழைத்துப்போனார். பெஞ்சு முடிந்தது, இனிமேல் நிஜம் என்று நினைத்தோம். அவரோ எங்களைச் சாலையில் நிற்கச் சொன்னார். "நிறுத்தினா எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் நிக்கிறது எப்படின்னு தெரியும்."

முதலில் நான் நின்றேன். அவன் ஓட்டிவந்தான். தூரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. பிறகு ஒரு முகம். பிறகு விளக்கு இரண்டும் கண்ணாகி, முன்சல்லடை பல்லாகி, மூச்சு விடும் மிருகமாக அது என் மேல் வளர்ந்தது. தரை அதிர்ந்து என் குதிகாலுக்குச் சேதி சொன்னது. என்னிடம் இருந்தது ஒரு கை. கை காட்டுகிறவனுக்கும் பயம் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சந்தியிலும் நின்ற ஒவ்வொரு கான்ஸ்டபிளும் வேறு ஆளாகத் தெரிய ஆரம்பித்தார்.

அடுத்து அவன் நின்றான்; நான் ஓட்டினேன். அவன் கைகள் முதலில் கட்டிக்கொள்ளத்தான் போயின. பிறகு ஒன்று மட்டும் பிரிந்து, இடுப்பளவு வந்து, தோளளவு வந்து, மேலே நின்றது. மிதித்தேன். புழுதி எங்கள் இருவருக்கும் நடுவில் எழுந்து அடங்கியது. இறங்கிப் போனேன். அவன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், அது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

"என்னடா பாக்குற?"

"வண்டி நின்னுடுச்சுடா" என்றான்.

அன்றுதான் முதல் 'டா'.

மூன்றாம் கேஸ் எங்களைத் தேடி வந்தது நல்ல வெயில் காலத்து முற்பகல் ஒன்றில். அரியலூரில் கிளம்பிப் பெரம்பலூர் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் வெடித்துக் கிடந்த கரிசல். அவன் ஓட்ட, நான் பின்படியில் பீப்பாயோடு. முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், அன்றைக்குப் பார்த்து அவன் வீட்டார் வேலை செய்யும் அதே மிராசுதார். கோர்ட்டு விஷயமாகப் பெரம்பலூர் போகிறார். ஏறும்போதே, "ஏண்டா, நீயா ஓட்டுற? என் உசிரு பத்திரம்டா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பஸ் சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். அதுவரை அவர் பக்கத்தில், அவர் உயரத்துக்கு, அவன் வீட்டில் ஒருவரும் உட்கார்ந்தது கிடையாது. வழி முழுக்க அவன் முதுகு சீட்டில் சாயவே இல்லை என்று பின்னாலிருந்து பார்த்தேன்.

மருதையாற்றுப் பாலத்துக்கு இறங்குகிற சரிவு. புளியமரத்தடியில் ஒரு கார், இரண்டு கான்ஸ்டபிள்கள். நடுச்சாலையில் இன்ஸ்பெக்டர். நெல் கடத்தலைப் பிடிக்க எல்லா வண்டியையும் மறித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார்.

அவன் இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. நான் குதித்தேன். கட்டை, பீப்பாய்க்குக் கீழே கயிற்றில் தொங்கும். அன்றைக்கென்று முடிச்சு சூட்டில் இறுகிப்போய் அவிழ மறுத்தது. விரலால் பிடுங்குகிறேன். முன்னால் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்கிறது. பாடத்தில் வந்தபடி அவர் டிரைவர் பக்கம் வரவில்லை. நேராக பானெட்டுக்கு முன்னால் வந்து நின்று அதைப் பிரம்பால் தட்டினார்.

"கீழ எறங்குடா."

பிரம்பு மறுபடி பானெட்டில் விழுந்தது.

"டேய், உன்னத்தான். எறங்கு."

மிராசுதாரின் குரல்: "எறங்குடா! அய்யா கூப்புடுறாரு, குந்திக்கிட்டு இருக்கான் பாரு."

காக்கியும் வெள்ளை வேட்டியும் ஒன்றாகச் சேர்ந்து கூப்பிட்டால் அந்த உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கயிற்றை விட்டேன். அந்தப் பக்கத்து ஓடைகளில் நத்தை மாதிரி சுருண்ட கற்கள் கிடக்கும். ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் என்பார்கள். சாலையோரம் தலையளவில் ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு முன்சக்கரத்துக்கு ஓடினேன்.

ஓடும்போது பார்த்தேன். அவன் பாதி எழுந்திருந்தான். தோளில் துண்டைத் தேடி ஒரு கை போய்க்கொண்டிருந்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது. ஒரே ஒரு சாண். பானெட்டின் மூக்கு இன்ஸ்பெக்டரின் இடுப்புப் பெல்ட்டிலிருந்த பித்தளையைத் தொட்டது. பஸ் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வராமல் நின்றது. அவருக்குப் பின்னால் சரிவு, பாலம், வறண்ட ஆறு.

அவன் உட்கார்ந்தான்.

விழுந்ததுபோல் உட்கார்ந்தான். சீட்டின் கம்பிச் சுருள் கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. துண்டுக்குப் போன கை திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. முகத்தைத் தூக்கி, கண்ணாடி வழியாக, நின்றுகொண்டிருக்கும் ஓர் இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்து, உட்கார்ந்திருக்கும் அவன் சொன்னான்:

"கால் பிரேக்குல இருக்கு சார். கட்டை வெச்சதும் எறங்குறேன்."

குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது.

நான் கல்லைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, காலால் உதைத்து இறுக்கி, "வெச்சாச்சு!" என்று கத்தினேன். எந்தக் காலத்திலோ அலைக்கு அடியில் ஊர்ந்த ஒரு ஜீவன், கல்லாகக் காத்துக் கிடந்து, அந்த நிமிஷம் எங்கள் பஸ்ஸைத் தாங்கிப் பிடித்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தன் பெல்ட்டில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தார். அவன் கதவில் கை வைத்தான், சொன்னபடி இறங்க.

"இரு. எறங்க வேணாம். லைசென்ஸக் காட்டு."

கொடுத்தான். பஸ்ஸின் சீட்டு உயரம். இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. நான் சக்கரத்தடியில் குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் ஒரு விரற்கடை சாய்ந்து வேறு மாதிரி உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. வெயில் அதே வெயில்தான்.

"நீ எறங்கியிருந்தா?"

"உங்க மேல ஏறியிருக்கும் சார்."

ஒரு கான்ஸ்டபிள் திரும்பிக்கொண்டு இருமினார்.

"கைப்பிரேக் என்னாச்சு?"

"சமதரையில புடிக்கும் சார். சரிவுல புடிக்காது."

"பெரம்பலூர்ல சரி பண்ணிட்டுத் திரும்பு. சாயங்காலம் இதே எடத்துல நிப்பேன்." லைசென்சைத் திருப்பிக் கொடுத்தார். "எறங்கக் கூடாதுன்னு யாரு சொல்லிக்குடுத்தா உனக்கு?"

"டீச்சர் சார்."

"எந்த டீச்சர்?"

"பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல் டீச்சர் சார்."

இன்ஸ்பெக்டர் பிரம்பை ஆட்டினார். போ. கேஸ் இல்லை. கல்லை எடுத்தேன், விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் பின்படியில் வைத்துக்கொண்டேன்.

பெரம்பலூர் வந்தது. கோர்ட்டு முன்னால் வண்டி நின்றது. மிராசுதார் இறங்கினால் பண்ணையாள் ஒருவன் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஒதுங்கி நிற்பதுதான் வழக்கம். அதற்காகவே போல அவர் உட்கார்ந்தபடி இருந்தார். நான் கல்லோடு முன்சக்கரத்துக்கு வந்துகொண்டிருந்தேன். அவன் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்க, கழுத்தை மட்டும் திருப்பி, மரியாதையாகச் சொன்னான்:

"பாத்து எறங்குங்க ஐயா. படி உயரம்."

அவர் தானே திறந்துகொண்டு இறங்கினார். இறங்கி நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். போய்விட்டார்.

பட்டறையில் கைப்பிரேக்கை இறுக்கிக்கொண்டோம். திரும்பும்போது நான் ஓட்டினேன். பாலத்தருகே இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்தே எங்களுக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

சாயங்காலம் பள்ளிக்கூட முற்றத்தில் டீச்சரம்மா கரும்பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் கையில் ஈரத்துணி, கண் மட்டும் எங்கள் மேல். அவன் வேப்பமரத்தடிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவனாக, யாரும் சொல்லாமல். உட்கார்ந்த பிறகுதான் அவர் நின்றுகொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது. எழப் பார்த்தான், எழவில்லை.

"தண்ணி சிந்துச்சா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

அவன் விரலை விரித்து ஒரு சாண் காட்டினான்.

"கொஞ்சம் சிந்துச்சு டீச்சர்."

"அப்ப நாளைக்கும் வந்து உக்காரு" என்றார், துணியைப் பிழிந்துகொண்டே.